நடாமல் முளைத்த காடு

எண்ணூருக்கு உல்லாசப் பயணம் என்றால் இந்தக் காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்துத் துரைமார்கள் நல்ல காற்றை நாடி அங்கே பங்களா கட்டிக்கொண்டு போய்த் தங்குவார்களாம். இப்பொழுது அங்கே காற்று வாங்கப் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்க வேண்டும். ஆயினும் நாம் சமீபத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, கொற்றலை என்கிற கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குப் போயிருந்தோம்.

கரைச் சேற்றில் முழங்கால் உயரத்துக்கு இளங்கன்றுகள் பசேலென்று நின்றன. "இவற்றை நட்டது யார், ஸார்?" என்று கேட்ட ஒரு பையன், சுற்றுமுற்றும் பெயர்ப்பலகையைத் தேடினான். அவன்மேல் குற்றமில்லை. நம் நாட்டில் ஒரு செடியை நட்டால் அதன் அருகே அதைவிடப் பெரிய பலகை ஒன்றையும் நடுவதுதானே சம்பிரதாயம்! இங்கே பலகை இல்லை. நட்டது கடல்.

அவை அலையாத்திக் கன்றுகள். வெண்கண்டல் என்னும் இனம். இதன் விதை, காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிட்டு விடுகிறது. பிறகு உதிர்ந்து, நீரில் மிதந்து, ஏற்றத்தோடு கரைக்கு வந்து, தோலைக் கழற்றிவிட்டுச் சேற்றில் வேரூன்றுகிறது. சேற்றுக்குள் காற்றுப் புகாது. ஆகையால் விரல் விரலாக வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்துப் பார்த்த பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள். இந்த வேர்களின் இடுக்குகளில்தான் இறால் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. முகத்துவாரக் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் அடுப்பு எரிவதற்கும் இந்தச் சேற்றுக்கும் உள்ள சம்பந்தம் அதுதான்.

இடிந்த இடத்தில் பசுமை தானே வருவது புதிதன்று. 1940-41-இல் லண்டன் மாநகரில் குண்டு மாரி பொழிந்த பிறகு, இடிபாடுகளின் நடுவே வில்லோஹெர்ப் என்னும் செடி ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூத்தது. பஞ்சு கட்டிய அதன் விதையைக் காற்றே சுமந்து வந்தது. கியூ தாவரத் தோட்டத்தின் அதிபராயிருந்த ஸாலிஸ்பரி அப்படி முளைத்தவற்றையெல்லாம் கணக்கெடுத்து எழுதினார். அங்கே காற்று செய்த வேலையை இங்கே கடலின் ஏற்றவற்றம் செய்கிறது.

ஆனால் காற்றைத் தடுப்பது கடினம். கடல் நீரைத் தடுப்பது மிகச் சுலபம். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, பல ஆண்டுகளாக நிலக்கரிச் சாம்பல் இந்த ஆற்றில் படிந்திருக்கிறது. படுகை இரண்டு சாண் உயர்ந்துவிட்டால், முன்பு தினந்தோறும் நனைந்த இடம் பிறகு நனைவதில்லை. விதையும் அங்கே போய்ச் சேருவதில்லை. மேடான இடத்தில் சீமைக்கருவேல் வந்து உட்கார்ந்து கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். ஆனால் இறால் குஞ்சு கருவேலமரத்தடியில் வளருமா?

பிச்சாவரத்தில் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறோம். முன்னாளில் அங்கே மரங்களை அடியோடு வெட்டினார்கள். நிலம் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காமற் போயிற்று. 1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள்ளைப்போல் கிளை வாய்க்கால்கள் வெட்டிக் கடல்நீர் வந்து போக வழி செய்த பிறகே அந்நிலம் உயிர் பெற்றது. அவர்கள் கன்றுகளையும் நட்டார்கள். ஆயினும் முதற் காரியம் வாய்க்கால்தான்.

முளைக்கிறதே என்று நாம் மகிழ்ந்துபோய்ச் சும்மா இருந்துவிடக் கூடாது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இக்கழிமுகத்துக்கே வந்து சேர்ந்தது. மூச்சு வேரில் எண்ணெய் அப்பினால் மூக்கை அடைத்தது போலத்தான். அலையாத்தி தானே முளைத்துவிடும் என்பதைச் சாக்காகக் கொண்டு, கழிவை விடுகிறவர்கள் கவலையற்றிருப்பார்களானால் அது பெரிய அநியாயம்.

ஆண்டுதோறும் ஜூன் 5-ந் தேதி கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கனவான்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. கன்றுகளைக் கடல் கொண்டுவரும். ஆற்றில் படிந்த சாம்பலை வாரி, தூர்ந்த வாய்க்கால்களைத் திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். அவை எங்கே ஓடின என்று தெரியாவிட்டால் குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள். வேலை முடிந்ததும் பலகை வேண்டுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஆட்சேபிக்காது.