மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி... ஆரணி அம்மாவுக்கு விசா கிடைக்குமா?

ஆரணியில் எந்த நெசவுத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. தறிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த மத்தியான நேரம். ஜெர்மனியிலிருந்து மகள் வீடியோ காலில் வருகிறாள்.

``அம்மா, ஜனவரி கடைசியில தேதி குடுத்திருக்காங்க. நீ வந்தே ஆகணும்மா.''

``நான் எங்கடி வர்றது? மெட்ராஸ் பஸ்ஸுல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்.''

தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா நிமிராமலேயே சொல்கிறார்... ``போயிட்டு வாயேன். மூணு மாசம்தானே, நான் பார்த்துக்கறேன்.''

அம்மா தாரைச் சுற்றிக்கொண்டே சிரிக்கிறார். மனசு அப்போதே கிளம்பிவிட்டது. மிச்சமிருப்பது விசா.

1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டுப் படையும் ஆரணியில் மோதிக்கொண்டன. அன்றைக்கு ஐரோப்பியர்கள் யாரும் விசா வாங்கிக்கொண்டு ஆரணிக்கு வரவில்லை. இன்றைக்கு ஆரணியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போக ஒரு கட்டுக் காகிதம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட, அதில் அம்மா இருக்கிறாரா என்பதுதான் பெரிய கேள்வி.

29 நாடுகள், ஒரே விசா

ஜெர்மனிக்குக் குறுகிய காலம் போய்வரத் தேவைப்படுவது ஷெங்கன் விசா. லக்சம்பர்க் நாட்டிலுள்ள சின்ன ஊர் ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று, அங்கே மோசல் நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது இந்த ஏற்பாடு. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இதில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் கிடையாது. லண்டனில் இருக்கும் சித்தி மகனையும் பார்த்துவிட்டு வரலாம் என்றால், அதற்குத் தனி விசா வேண்டும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். `அந்த நாட்டில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குது' என்று வேறு நாட்டின் வழியாகப் போட்டு, ஜெர்மனியில் போய் இறங்குவது தப்பு.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில், போட்டோவும் கைரேகையும் எடுத்து வருகையையும் கிளம்புவதையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒருநாள் கூடினாலும் தெரிந்துவிடும். அதனால் 90 நாளையும் ஒட்டத் தீர்த்துத் திட்டம் போடாமல், 80 நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அம்மாவின் தொழில் என்ன?

விண்ணப்பப் படிவத்தில் `தற்போதைய தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. படிவம் பூர்த்தி செய்து தரும் கடையில் உட்கார்ந்திருக்கும் பையன், அம்மாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு `ஹவுஸ் வைஃப்' என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான்.

முப்பது வருடமாகத் தார் சுற்றியவர் அவர். பாவு பிணைத்தவர். கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவர். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாத நாட்களில் தறியில் தானே இறங்கி நெய்தவர். ஆனால், வீட்டு வரி ரசீது கணவர் பெயரில். மின் இணைப்பு கணவர் பெயரில். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் கணவர். கூலி ஏறும் வங்கிக் கணக்கும் கணவருடையது. அம்மாவின் பெயரில் இருப்பவை ஆதாரும், ரேஷன் கார்டில் ஒரு வரியும்தான்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 70 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் பெண்கள்.

விசா அதிகாரி ஆரணியைப் பார்த்ததில்லை. அம்மாவையும் பெரும்பாலும் நேரில் பார்க்கப்போவதில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு கோப்பு மட்டுமே. அதில் அவர் தேடுவது முக்கியமாக மூன்று விஷயங்கள். எதற்காக வருகிறார்? செலவை யார் பார்த்துக்கொள்வார்கள்? திரும்பிப் போய்விடுவாரா? முதல் இரண்டுக்கும் மகள் பதில் தந்துவிடுவாள். மூன்றாவதற்கு அம்மாவின் வாழ்க்கைதான் சாட்சி. அந்த வாழ்க்கை காகிதத்தில் இல்லையென்றால், அதிகாரிக்கு அது இல்லாததுதான்.

தறியைக் காகிதத்தில் ஏற்றுவது எப்படி?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் ஆகும், சில சமயம் 45 நாள் வரை நீளும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகலாம். ஜனவரிப் பயணத்துக்கு ஆடி, ஆவணியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது.

*பாஸ்போர்ட்:* திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் `இசிஆர்' என்று இருக்கலாம். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான விதி அது. மகளைப் பார்க்க ஜெர்மனி போவதை அது தடுக்காது.

*பெயர்:* நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மகளின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதல். அம்மாவும் மகளும் உறவு என்பதற்கு அந்தப் பிறப்புச் சான்றிதழும், மகளின் பாஸ்போர்ட்டில் இருக்கும் தாய் பெயரும்தான் ஆதாரம். எழுத்து மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். தமிழில் இருக்கும் சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வைக்க வேண்டும்.

*தொழில்:* நெசவாளர் அடையாள அட்டை, சங்க உறுப்பினர் என்றால் அதன் பாஸ்புக், கூலி ஏறிய வங்கிக் கணக்கு விவரம். தனியார் முதலாளியிடம் பாவு வாங்கி நெய்கிறவர்கள், அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். எத்தனை வருடமாக நெய்கிறார், கூலி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஊருக்குப் போகிறார், வந்ததும் மறுபடி பாவு கொடுக்கப்படும் என்ற நாலு வரி போதும். முதலாளியின் ஜிஎஸ்டி எண்ணும் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

*குடும்பம்:* கணவர் ஊரிலேயே இருக்கிறார் என்பதே பலமான சாட்சி. திருமணச் சான்று, வீட்டுப் பத்திரம், வரி ரசீது ஆகியவற்றைக் கணவரின் சம்மதக் கடிதத்தோடு வைக்கலாம்.

*கடிதம்:* யார், எதற்காக, எந்தத் தேதியில் போய், எந்தத் தேதியில் திரும்புகிறார் என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம். திரும்பி வந்து செய்யவிருக்கும் வேலையையும் அதில் எழுத வேண்டும். வீட்டில் தறி காத்திருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால், அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

மகள் செய்ய வேண்டியது

ஜெர்மனியில் மகளோ மருமகனோ, அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் `வெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்' என்ற உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பலாம். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. `இவர் இங்கே தங்கும் செலவு முழுக்க எங்கள் பொறுப்பு' என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பது. சம்பளச் சீட்டைப் பார்த்துதான் தருவார்கள். கட்டணம் 29 யூரோ. அசல் பத்திரம் தபாலில் வந்து சேர வேண்டும், வாட்ஸ்அப் படம் செல்லாது.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ வரை செலவை ஏற்கும் பாலிசி, தங்கும் நாள் முழுவதற்கும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுப்பது நல்லது. மறைத்து எடுத்த பாலிசி, ஆபத்து நேரத்தில் கை கொடுக்காமல் போகலாம்.

விசா கட்டணம் 90 யூரோ. நம் பணத்தில் ஒன்பதாயிரத்தை ஒட்டி வரும். சேவை மையத்தின் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அதனால் விசா கையில் வருவதற்கு முன் முழுப் பணம் கட்டி விமான டிக்கெட் வாங்க வேண்டாம். முன்பதிவு விவரம் இருந்தால் போதும்.

கைரேகையும் போட்டோவும் கொடுக்க ஒரு நாள் சென்னைக்குப் போய்வர வேண்டும். அங்கே விண்ணப்பம் வாங்கும் மையம் தபால்காரர் மாதிரிதான். விசா தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது தூதரகம். `உள்ளே ஆள் இருக்கு' என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பணம் போனது போனதுதான்.

ஐந்து லட்சம் ஆபத்து

ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார்... ``அக்கவுன்ட்டுல அஞ்சு லட்சம் போட்டுக் காட்டுங்க, அப்புறம் எடுத்துக்கலாம்.'' கேட்காதீர்கள். மாதம் சில ஆயிரம் ஏறி இறங்கும் கணக்கில் திடீரென்று வந்து நிற்கும் லட்சங்களைத்தான் அதிகாரியின் கண் முதலில் பார்க்கும். வாரா வாரம் ஏறும் சிறு கூலி நம்பிக்கை தரும். கடன் வாங்கிப் போட்ட பெருந்தொகை சந்தேகம் தரும். பொய்ச் சான்று வைத்து மாட்டிக்கொண்டால் விசா மறுக்கப்படுவதோடு போகாது. அந்த விவரம் ஐந்து வருடம் ஷெங்கன் நாடுகளின் கணினியில் இருக்கும்.

2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. அவற்றில் சுமார் 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். அப்போது காரணம் குறித்த தாள் ஒன்று தருவார்கள். அதை அழுதபடி மடித்து வைக்காமல், நிதானமாகப் படிக்க வேண்டும். மறுபரிசீலனை மனுவை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவை இரண்டே வழிகள். பெர்லினில் இருக்கும் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். பிரசவத் தேதி கோர்ட்டுக்காகக் காத்திருக்காது என்பதால், பலருக்கும் இரண்டாவதுதான் வழி. சீக்கிரமே தொடங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

விசா வருகிறதோ இல்லையோ, இந்த அலைச்சல் ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வீட்டில் பாதி வேலை செய்தவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இது விசாவோடு முடிகிற விஷயம் அல்ல. நாளைக்கு வங்கிக் கடன், நெசவாளர் ஓய்வூதியம் என்று எங்கே போனாலும் இதே கேள்வி வரும்... `நீங்கள் நெசவாளர் என்பதற்கு என்ன ஆதாரம்?'

அதனால் ஜெர்மனிக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, ஆரணியிலேயே இருக்கப்போகிறவர்களும் செய்ய வேண்டியவை இவை. அம்மா பெயரில் ஒரு நெசவாளர் அடையாள அட்டை. அம்மா பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. அவர் செய்த வேலைக்கான கூலி, சிறு தொகையானாலும், மாதாமாதம் அந்தக் கணக்கில். இதை மகளுக்கு நாள் குறித்த பிறகு தொடங்கினால் அவசரம். இன்றைக்கே தொடங்கினால் வழக்கம்.

அப்புறம் படிவம் நிரப்பும் கடையில், அந்தப் பையன் `ஹவுஸ் வைஃப்' என்று தட்டப்போகும்போது அம்மா கையைக் காட்டி நிறுத்தலாம்.

``இருப்பா தம்பி. பட்டு நெசவுன்னு போடு.''