கோலமும் குற்றமும்

2019-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, சென்னை அடையாற்றை அடுத்த பெஸன்ட் நகரில் சில ஸ்திரீகள் வீதியில் கோலம் போட்டார்கள். போலீஸார் வந்து, அவர்களையும் அவர்களோடு இருந்த சிலரையும் பிடித்துச் சென்று, பின்னர் அன்றே விட்டுவிட்டனர். அக்கோலங்களில் புள்ளியும் இழையும் மாத்திரம் இருக்கவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்ற வாசகமும் இருந்தது. அனுமதியின்றிக் கூடினார்கள் என்பது போலீஸ் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். மார்கழி மாதத்தில், தமிழ்நாட்டின் தலைநகரில், கோலம் போடுவதற்கு அனுமதி வேண்டும் என்ற புதுமையை நாம் அன்றுதான் அறிந்தோம்.

அந்த மாதம் பார்லிமெண்டில் நிறைவேறிய அச்சட்டம் நல்லதா கெட்டதா என்பதை இங்கே விசாரிக்கப் போவதில்லை. அதில் நமது வாசகர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கலாம். பிறர் வீட்டு வாசலில் அவ்வீட்டார் சம்மதமின்றிக் கோலம் போடலாகாது என்று ஒருவர் வாதிப்பாரானால், அதையும் ஒப்புக்கொள்வோம். அது அண்டை வீட்டார் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. ஒரு பிடி மாவைக் கண்டு சர்க்கார் ஏன் அஞ்ச வேண்டும் என்பதே நமது கேள்வி.

பல பொருள்களைச் சேர்த்து ஆக்கும் சித்திரத்தை நவீனக் கலை என்று சித்திரசாலைகளில் வியந்து பேசுகிறார்கள். சாணம் தெளித்த தரை, அரிசி மா, காவி, நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூ: இத்தனையும் சேர்ந்த ஒரு சித்திரத்தை நமது ஸ்திரீகள் வெகு காலமாகப் பொழுது விடியுமுன் போட்டு வருகிறார்கள். மாலைக்குள் அது மிதிபட்டு அழிகிறது. மறுநாள் வேறொன்று பிறக்கிறது. போட்டவள் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலிய அறிஞர்கள், கோலத்தின் அமைப்பிலே கணித இலக்கணம் இருப்பதைக் கண்டு 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மயிலாப்பூரில் ஜனவரி மாதத்து விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கிறது. பெண்கள் வரிசையாய்க் குனிந்து இழை இழுப்பதைக் காணக் கூட்டம் நிற்கிறது, நாமும் நின்றிருக்கிறோம். தாமரையும் தேரும் வரைந்தால் கை தட்டுகிறோம். அதே கை அதே மாவினால் நான்கு எழுத்து எழுதினால் மட்டும் நமக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது!

வாசல் ஸ்திரீயின் ராஜ்யம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ராஜ்யத்தின் லக்ஷணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மங்கலம் கெட்டுவிடும் என்று கைம்பெண்ணின் கையை வாசலினின்றும் விலக்கி வைத்தவர்கள் யார்? இன்ன வாசலில் கோலம் உண்டு, இன்ன வாசலில் இல்லை என்பதைக் கொண்டே உள்ளே இருப்பவரின் மதத்தையும் ஜாதியையும் அளந்து பார்க்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இப்பொழுது தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடுக்கு மாடி வீடுகள் பலவற்றில் விடியற்காலையில் கோலம் போடுகிறவள் வீட்டுக்கு உடையவள் அல்லள். மாதச் சம்பளத்துக்கு வரும் வேலைக்காரி. இருட்டோடு எழுந்து வந்து, பிறர் வீட்டு லக்ஷ்மியை அவள் வரவேற்கிறாள். அவள் வசிக்கும் இடத்தில் வாசல் என்று சொல்லிக்கொள்ள இரண்டு முழத் தரையாவது இருக்குமா என்பது சந்தேகம். அவளுக்கும் சிரமம் வேண்டாமென்று அச்சடித்த கோலத்தை வாங்கி ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே, பெஸன்ட் நகர் ஸ்திரீகள் புனிதமான ஓர் ஆசாரத்தை அரசியலாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்ற புகார் நமக்கு விளங்கவில்லை. யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்ற அரசியல் அந்த வாசற்படியில் முன்னமே உட்கார்ந்திருந்தது.

அடுக்களைப் பொருளை வீதிக்குக் கொண்டுவந்து சர்க்காரை எதிர்ப்பது நமது தேசத்துக்குப் புதிதுமன்று. 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லக்ஷ்மிபதி சிறை சென்றார். உப்பைவிட அடுக்களைக்கு உரிய பொருள் எது? 1932-ல் அந்நியத் துணி மறியலில் சிறை சென்ற அம்புஜம்மாள், மயிலாப்பூர்ப் பெரிய குடும்பத்துப் பெண். ஸ்ரீனிவாச ஐயங்காரின் குமாரத்தி. குடும்ப ஸ்திரீகள் தெருவில் நிற்பது மரியாதையா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள் இன்று ஒருவருக்கும் நினைவில் இல்லை.

பெஸன்ட் நகர் சம்பவத்துக்கு மறுநாள், ஆழ்வார்பேட்டையிலும் ஸி.ஐ.டி. காலனியிலும் தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களில் அதே வாசகத்தோடு கோலங்கள் தோன்றின. போலீஸார் ஒரு வீதியில் அடக்க முயன்றது பல வீதிகளுக்குப் பரவிற்று. அடக்குமுறைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். ஆனால் அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சில பெண்கள் தாங்களே யோசித்துக் கண்டுபிடித்த ஆயுதத்தைக் கட்சிகள் ஒரே இரவில் தமதாக்கிக் கொண்டன; அதில் தவறில்லை. நமது மாநாடுகளிலும் பந்தல் வாசலில் பெரிய கோலம் போடுவதற்கு முதல் நாளே மாதர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புகிறோம். அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டு மேடை ஏறுகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள், கோலம் போட்டவர்கள் கூட்டம் ஆரம்பமானதும் எந்த மூலையில் உட்கார்த்தி வைக்கப்படுகிறார்கள் என்பதை அடுத்த மாநாட்டில் நமது ஊழியர்கள் சற்றுத் திரும்பிப் பார்ப்பார்களாக.