அரை மணி சிகிச்சை, ஒரு மாதப் பத்தியம்

வடக்கே நவம்பர் பிறந்தால் கல்யாண சீசன். பேண்டு வாத்தியக்காரருக்கும் பந்தல் போடுகிறவருக்கும் மட்டுமல்ல, தில்லி, மும்பை போன்ற நகரங்களில் தோல் டாக்டருக்கும் இப்போது அதுதான் சீசன். பரு விட்டுச்சென்ற பள்ளம், கன்னத்தில் படர்ந்த மங்கு, உதட்டுக்கு மேல் அரும்பும் முடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. மணப்பெண்களோடு மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். கெமிக்கல் பீல், லேசர் போன்ற இந்தச் சிகிச்சைகளில் பல அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்துகொள்ளலாம் என்று விளம்பரம் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் அந்த அரை மணியில் முடிவது டாக்டரின் வேலைதான். தோலின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

பெயர்கள் எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் இந்தச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான்: தோலைத் திட்டமிட்டு, அளவோடு காயப்படுத்துவது. கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலம் மேல்தோலை உரிக்கிறது. பருப் பள்ளங்களுக்கான ஃபிராக்‌ஷனல் லேசர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகளைப் போடுகிறது. காயத்தை ஆற்றும் முயற்சியில் தோல் புதிதாக வளரும் என்பதுதான் கணக்கு. காயத்தை டாக்டர் ஏற்படுத்துகிறார். ஆற்றும் பொறுப்பு வீட்டுக்குப் போகிறது.

இந்தியத் தோலுக்கு இந்தப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல். வெள்ளைத் தோலில் காயம் பட்டால் சிவக்கும், பிறகு பெரும்பாலும் வெளுத்துப்போகும். பழுப்புத் தோலில் பட்ட காயம் கறுக்கும். நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பழுப்புத் தோலில் அவை அதிகச் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. வெயிலிலிருந்து காப்பாற்றும் இந்தச் சுறுசுறுப்பே காயம் பட்டால் எதிராகத் திரும்பிவிடுகிறது. கொசுக்கடி முதல் லேசர் வரை எந்த உறுத்தலுக்கும் அது நிறமியால் பதில் சொல்லும். கரும்புள்ளியை நீக்கப் போனவர் அதைவிடப் பெரிய கருந்திட்டோடு திரும்பும் விபரீதம் நடப்பது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகமே மெதுவாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து 1975-ல் தோலை வகை பிரித்தார். முதலில் அந்தப் பட்டியலில் இருந்தவை வெள்ளைத் தோல்கள் மட்டுமே. பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னால்தான் சேர்ந்தன. இந்தியர்களில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகையினர். லேசரின் சக்தியையும் அமிலத்தின் வீரியத்தையும் இதை அனுசரித்துத்தான் டாக்டர் குறைக்க வேண்டும். அதோடு, வீடு திரும்பியவர் அடுத்த சில வாரங்களுக்குத் தோலுக்கு எந்த உறுத்தலும் தரக்கூடாது.

லேசான கெமிக்கல் பீல் செய்துகொண்டவருக்கு முதல் நாள் முகம் சிவந்து, இழுத்துப் பிடித்தது போலிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் மூக்கோரமும் வாயோரமும் உரியத் தொடங்கும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆபத்தான நாட்கள் இவைதான். தொங்கும் தோலை நகத்தால் பிய்த்து எடுக்கக் கை பரபரக்கும். பிய்த்த இடம் பக்குவமாகாத புண். அங்கே கருமை படிய அதுவே போதும். பருத்துண்டால் தேய்ப்பதும், ஸ்கிரப் போடுவதும், ஆண்கள் பிளேடால் மழிப்பதும் பிய்ப்பதற்குச் சமம்தான். குளிர்ந்த நீர், நுரை குறைந்த மென்மையான கிளென்சர், ஒற்றி எடுக்க ஒரு பருத்தித் துண்டு, பிறகு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். ஆவி பிடிப்பது, வெந்நீர்க் குளியல், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, நீச்சல்குளத்தின் குளோரின் தண்ணீர் எல்லாம் தள்ளிப்போடப்பட வேண்டியவை. முன்பு தடவிவந்த ரெட்டினால் கிரீமை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஃபிராக்‌ஷனல் லேசரில் காயம் ஆழம் அதிகம். பழுப்புப் பொடியைத் தூவியது போல மெல்லிய பொருக்கு படிந்து, ஒரு வாரம் வாக்கில் தானாக உதிரும். பொருக்கு தட்டிய காயத்தைக் காற்றுப்பட விட்டால்தான் சீக்கிரம் ஆறும் என்பது பலரது நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962-லேயே பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட காயத்தில் காய விட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடுவதைக் காட்டினார். லேசருக்குப் பிறகு டாக்டர்கள் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவச் சொல்வதன் காரணம் அதுதான். ஆயிரக்கணக்கில் சிகிச்சைக்குச் செலவழித்தவருக்கு இவ்வளவு மலிவான மருந்தில் நம்பிக்கை வருவதில்லை. ஆனால் வேலை செய்வது அதுதான்.

முடி நீக்கும் லேசரில் சிக்கல் வேறு விதம். முடிக்கால்களைச் சுற்றிச் சிறு தடிப்பு வந்து, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வடிந்துவிடும். குளிர்ந்த ஒத்தடம் போதும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முடி முளைப்பது போலத் தெரிவது பெரும்பாலும் உதிர்ந்து வெளியேறும் பழைய முடிதான். இதைக் கண்டு பயந்து பார்லருக்கு ஓடி நூல் போட்டுக்கொண்டால் செலவு வீண். லேசர் தேடிப் பிடிப்பது முடி வேரின் கறுப்பு நிறத்தை. வேரையே பிடுங்கிவிட்டால் அடுத்த முறை அதற்கு இலக்கே இருக்காது. இடைப்பட்ட காலத்தில் வேக்சிங்கும் நூலும் கூடாது. தடிப்பு வடிந்த பிறகு மழிக்கலாம்.

எந்தச் சிகிச்சையானாலும் பொது எதிரி வெயில். இந்தியாவின் பெரும்பகுதியில் குளிர்காலத்திலும் பகல் வெயில் தோலைக் கறுக்க வைக்கப் போதுமானது. பளீரென்று அடித்தால்தான் வெயில் என்பதில்லை. புற ஊதாக் கதிர்களில் ‘ஏ’ வகை மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். கதிர்கள் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே பழுப்புத் தோலைக் கறுக்க வைக்கும் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. அதனால்தான் மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறம் பூசிய சன்ஸ்கிரீனை டாக்டர்கள் எழுதுகிறார்கள். எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையக்கூடாது. அந்த எண் ‘பி’ வகைக் கதிருக்கான கணக்கு. ‘ஏ’ வகைக்கு பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். பொட்டளவு எடுத்துக் காலையில் ஒரு முறை தேய்ப்பது தடவாததற்குச் சமம். திறந்த புண்ணின் மேல் சன்ஸ்கிரீன் தடவக்கூடாது. தோல் மூடும்வரை குடையும் நிழலும்தான் காவல். ஸ்கூட்டரில் போகிறவர்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டா கைகொடுக்கும். ஆனால் அது உரசாமல் தளர்வாக இருக்க வேண்டும்.

வெயிலுக்கு அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது அன்பான உறவினர்களுக்கு. முகம் உரிந்து கிடப்பதைப் பார்த்ததும் பாட்டி கடலைமாவும் மஞ்சளும் குழைப்பார். அத்தை எலுமிச்சை பிழிவார். பக்கத்து வீட்டுக்காரர் பற்பசை பூசச் சொல்வார். சாதாரண நாளில் தோல் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மேல்தோல் இழந்த முகம் பொறுக்காது. எலுமிச்சையும் ஓர் அமிலம்தான், அளவு பார்க்காமல் ஊற்றப்படும் அமிலம். அதன் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். மார்ச்சில் ஹோலி வரும் வட்டாரங்களில் பண்டிகையை ஒட்டி பீல் செய்துகொள்ளாமல் இருப்பது நல்லது. சாயப்பொடிக்கு ஆறாத தோல் என்று தெரியாது.

இவற்றையெல்லாம் மிஞ்சும் அபாயம் ஒன்று மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வகை பிரித்த அதே 1975-ல் வேறு இரண்டும் நடந்தன. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மனும் அவரது சகாவும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த, நிறமியைக் குறைக்கும் களிம்பைப் பற்றி எழுதினார்கள். குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, டாக்டர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்து அது. சிவப்பு நிறத்தின் மேல் ஏற்கெனவே மோகம் கொண்ட ஒரு நாட்டில் அந்தக் கலவையின் வாரிசுகள் சீட்டில்லாமல் கைமாறும் சிவப்பழகு கிரீமாகிவிட்டன. சிகிச்சைக்குப் பின் முகத்தில் ஒரு திட்டு கறுத்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இப்படியொரு டியூபைத்தான்.

தடவிய சில நாளில் முகம் பளிச்சிடும். அதில்தான் வலை இருக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தாங்காமல் மறுபடி டியூபைத் தேடவேண்டியிருக்கும். ஸ்டீராய்டு சிதைத்த முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தொடர்ந்த முறையீட்டுக்குப் பிறகு 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. ஃபேர் அண்ட் லவ்லியும் 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை விட்டது. சட்டமும் பெயரும் மாறின. ஆசை மாறவில்லை. வீக்கம் வடிய டாக்டர் இரண்டு மூன்று நாளுக்கு எழுதும் மென்மையான ஸ்டீராய்டு வேறு, கடைக்காரர் மாதக்கணக்குக்குத் தரும் டியூப் வேறு. எத்தனை நாள் என்று சீட்டில் எழுதாத களிம்பைத் தடவாமலிருப்பதே பாதுகாப்பு.

காத்திருக்கக்கூடாத சில அறிகுறிகளும் உண்டு. இரண்டாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலி கூடினால், சீழ் வைத்தால், பெரிய கொப்புளம் எழுந்தால், உதட்டோரம் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வந்தால், சிகிச்சை செய்தவரிடம் அன்றே போக வேண்டும். கடைசியாகச் சொன்னது உடலில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் கிருமி விழித்துக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். முன்பே அது வந்தவர்கள் சிகிச்சைக்கு முன்னால் சொல்லிவிட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். காயம்பட்ட இடம் சில வாரம் கழித்துக் கறுத்தால் பதற வேண்டாம். மேலோட்டமான கருமை பெரும்பாலும் மாதங்களில் மங்கும். கருமையைப் போக்க அவசரமாக இன்னொரு பீல் செய்துகொள்வதுதான் அதை நிலைக்க வைக்கும்.

மேல்தோல் தன்னை முழுக்கப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். முகூர்த்தத் தேதி பார்த்து அது வேகம் கூட்டாது. பருப் பள்ளத்துக்கு லேசர் என்றால் பல அமர்வுகளும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதத்துக்குக் குறையாத இடைவெளியும் தேவைப்படும். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டிய காரியம் அது. கடைசி பீலுக்கும் மணமேடைக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம் இருக்கட்டும். பத்து நாள்தான் இருக்கிறது என்றால் எதையும் செய்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

கிளினிக்கில் எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: அடுத்த ஒரு மாதம் வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது? அதற்குப் பதிலை ஒரு தாளில் எழுதித் தருகிறவரிடம் முகத்தைக் கொடுக்கலாம்.