சராசரியை நம்பி தென்னை வைக்காதீங்க

வெளிநாட்டில் வீடு வாங்கும் நம்மாட்கள் தோட்டத்தில் முதலில் நடுவது கறிவேப்பிலை. அது பிழைத்துக்கொண்டால் அடுத்து முருங்கை. ஊர் கொஞ்சம் வெயிலடிக்கிற ஊராக இருந்துவிட்டால் ஆசை நேராகத் தென்னையில் போய் நிற்கும். ஹூஸ்டன், ஃப்ளோரிடா மட்டுமில்லை, டெல்லி, நொய்டா பக்கம் இருக்கிறவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. "இங்கயும் நம்மூர் மாதிரிதான் மச்சி வெயில், சராசரி பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை" என்பார்கள். அந்தச் "சராசரி" என்கிற வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு.

காங்கேயத்துக்காரனுக்குத் தென்னையைப் பத்திப் பேச கொஞ்சம் உரிமை இருக்குங்க. வெளியூர்க்காரங்களுக்குக் காங்கேயம்னா காளை. ஊருக்குள் வந்து பார்த்தால் காளையை விடக் கொப்பரைக் களங்கள்தான் அதிகம் கண்ணில் படும். அப்படிப்பட்ட ஊரில் போய் "குளிரில் தென்னை செத்துப்போச்சு" என்று சொன்னால் சிரிப்பார்கள். நமக்குக் குளிர்னா மார்கழிப் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு பழமொழியெல்லாம் இருக்கு. நிஜத்தில் விடிகாலையில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும், கொப்பரை காய ஒண்ணு ரெண்டு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். புல்லில் உருளும் துளியும் பனி, ஊட்டி அவலாஞ்சியில் வெள்ளையாக உறைந்து கிடப்பதும் பனி. நம்ம பாஷையில் ரெண்டுக்கும் ஒரே பேர். தென்னைக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை.

தென்னை, பனை, ஈச்சை, பாக்கு எல்லாம் ஒரே குடும்பம். வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து, மொத்த உயிரும் அதில்தான். அது போனால் மரம் போச்சு. எங்க தொழிலில் சொல்வதானால், பேக்கப் இல்லாமல் ஓடும் சர்வர். தண்டில் காயம் பட்டாலும் வேம்பு போல மூடி ஆறாது. வடு வடுவாகவே நிற்கும்.

இனி குளிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தென்னைக்குப் பிடித்தது 27 டிகிரி வாக்கில் ஒரு சூடு. 15-க்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். மண் குளிர்ந்தால் வேர் தண்ணீரைச் சரியாக இழுக்காது. ஆனால் பகல் வெயிலும் காற்றும் ஓலையிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். காலடியில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் தவிக்கும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் இன்னும் மோசம். முதலில் செல்களுக்கு நடுவில் இருக்கும் நீர் உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கிச் சாகும். ஆக, குளிரில் சாகிற தென்னையும் ஒருவகையில் தாகத்தில்தான் சாகிறது. இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, காங்கேயத்துக்குத் திரும்பி வரும்போது தேவைப்படும்.

குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை, எத்தனை நாள் என்பதும் கணக்கு. 2010 ஜனவரியில் தெற்கு ஃப்ளோரிடாவில் ஒரு குளிர் அடித்தது. மயாமி நகரம் உறைநிலையைத் தொடவில்லை. ஆனால் குளிர் பத்து நாளுக்கு மேல் நகராமல் நின்றது. மரத்தில் இருந்த இக்வானாக்கள் (நம்ம ஓணானுக்குப் பெரியண்ணன்) விறைத்துப்போய்க் கீழே விழுந்தன. கடலில் பவளங்கள் செத்தன. அங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் தென்னைகளும் ஓலை கருகி நின்றன.

ஹூஸ்டன் கதை வேறு மாதிரி. அமெரிக்க விவசாயத் துறை எந்த ஊரில் எந்தச் செடி குளிர்காலத்தைத் தாண்டும் என்று மண்டலம் பிரித்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறது. அதில் ஹூஸ்டன் ஒன்பதாம் மண்டலம். அதாவது வருஷத்தின் மிகக் குளிரான ராத்திரி மைனஸ் 6.7-லிருந்து மைனஸ் 1.1 டிகிரிக்குள் இருக்கும். எல்லாரும் இதைப் பார்த்துத்தான் வீட்டு வாசலில் மெக்சிகோ விசிறிப் பனையும் ராணிப் பனையும் வைத்தார்கள். 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டன் விமான நிலையத்தில் மைனஸ் 10.6. டெக்சாஸ் முழுக்கக் கரண்ட் போய் ஜனங்களே செத்த குளிர் அது. ஹூஸ்டனிலும் சான் அன்டோனியோவிலும் பல வருஷம் வளர்ந்த மரங்கள் மொட்டையாக நின்றன. அதே குளிரைத் தாண்டியது அந்த மண்ணிலேயே பிறந்த சபால் பனை.

அப்ப வரைபடம் பொய்யா? இல்லைங்க. அது ஒவ்வொரு வருஷத்தின் மிகக் குளிரான ராத்திரியையும் எடுத்து, 30 வருஷத்துக்குப் போட்ட சராசரி. சராசரி என்றாலே சில வருஷம் அதற்கு மேலே, சில வருஷம் அதற்குக் கீழே. மரத்துக்கு அந்தக் கீழே போகிற ஒரு ராத்திரி போதும். 29 வருஷம் நல்லா இருந்தது என்று செத்த மரத்துக்குச் சான்றிதழ் கொடுத்து என்ன பிரயோஜனம்?

"உலகமே சூடாகிட்டு இருக்கு, இனிமே குளிருக்கு என்ன பயம்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2023-ல் அந்த வரைபடத்தைப் புதுப்பித்தபோது நாட்டில் கிட்டத்தட்டப் பாதி இடம் அரை மண்டலம் சூடான பக்கம் நகர்ந்தது. ஆனால் அதுவும் சராசரி நகர்ந்த கதைதான். டெல்லியில் 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரி வரை இறங்கியது. 15 வருஷம் கழித்து, 2021 புத்தாண்டு விடியலில் 1.1. அந்த மாதிரி ஒரு காலையை ஒரு வயசுத் தென்னங்கன்று தாங்காது. குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு தங்கும். அதனால் உயர்ந்த மரத்தை விடக் கன்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்களுக்கு ரெண்டு வார்த்தை. குளிர் வரும் என்று தெரிந்தால் முந்தின நாளே மண்ணை நன்றாக நனைத்துவிடுங்க. ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். கன்றைத் துணியால் மூடுங்க, துணி தரை வரைக்கும் வரட்டும். குளிர் போனதும் அரிவாளோடு ஓடாதீங்க. பாதி கருகிய ஓலையில் மிச்சமிருக்கும் பச்சைதான் மரத்துக்குச் சோறு. குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்க. கையோடு வந்தால் உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது, அழுகியதை நீக்கித் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றணும். தென்னை மாசத்துக்கு ஒரு ஓலைதான் விடும், அதனால் உயிர் இருக்கிறதா என்று தெரியவே கோடை வரும். பொறுமை வேணும். அதுக்கெல்லாம் முடியாதுன்னா தொட்டியில் வைத்து ராத்திரி உள்ளே தூக்கிக்கோங்க. காய்க்காது, ஆனா கண்ணுக்குக் குளிர்ச்சி :-)

இப்ப நம்மூருக்கு வருவோம். ஹூஸ்டன்காரரைப் பார்த்துச் சிரிக்கிற காங்கேயத்துக்காரரும் அதே கணக்கில்தான் தென்னை வைக்கிறார். அங்கே உறைபனி, இங்கே வறட்சி. ரெண்டும் கொல்வது தாகத்தால்தான்.

நம்ம பக்கம் தென்னை மழையை நம்பி வளர்கிற மரமே இல்லை. கோடையில் வளர்ந்த மரத்துக்குச் சொட்டுநீரிலேயே நாளைக்கு 60 லிட்டராவது வேணும். அது வருவது போர்வெல்லில் இருந்தும், நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் இருந்தும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கே 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அரசு எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. திருப்பூர், கோவை மாவட்டங்களில் பாதித் தலை தொங்கி, கடைசியில் கம்பம் மாதிரி நின்ற தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணி வாங்கி ஊற்றியவர்களும் உண்டு.

பிழைத்த மரமும் அடுத்த வருஷமே சரியாகிவிடாது. ஒரு பாளை குருத்துக்குள் உருவாக ஆரம்பித்ததிலிருந்து தேங்காய் முற்ற 44 மாசம் ஆகும். ஒரு மோசமான கோடைக்கு மூணு நாலு வருஷம் கழித்தும் பில் வரும். குறும்பை உதிரும், காய் சிறுக்கும்.

2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த வருஷம் மத்திய அரசு அறிவித்த ஆதார விலையே அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய்தான். இந்த மாதிரி விலையைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். கொரங்காட்டை உழுது, கிளுவை வேலியை எடுத்து, போர் போட்டுக் கன்று வைக்கலாமா என்று கணக்குப் போடத் தோன்றும். போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்தக் கணக்கில் பத்து வருஷச் சராசரி மழையை எழுதாதீங்க. 2016-17-ல் உங்க போர் எத்தனை அடியில் நின்றது, எத்தனை மரத்துக்குத் தண்ணி காட்ட முடிந்தது என்று எழுதுங்க. அந்தத் தண்ணியில் 50 மரம்தான் பிழைக்கும் என்றால் 50 மரம்தான் உங்க தோப்பு. மிச்ச இடம் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கொரங்காடாகவே இருக்கட்டும், மாடு மேயும். வரப்பில் பனை இருக்கட்டும். டெக்சாஸுக்கு சபால் எப்படியோ, நமக்குப் பனை அப்படி. யாரும் தண்ணி ஊற்றாமல் எத்தனையோ வறட்சியைப் பார்த்த மரம்.

மரம் சராசரி வருஷத்தில் சாவதில்லை, மோசமான வருஷத்தில்தான் சாகிறது. அதனால் மோசமான வருஷத்தைப் பார்த்துத்தான் நடணும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரங்க பின்னூட்டத்துக்கு வாங்க. குளிரைத் தாண்டிய தென்னை வெச்சிருக்கிற வெளிநாட்டு மக்கள் யாராச்சும் இருந்தா, எந்த வருஷம் எத்தனை டிகிரி வரைக்கும் தாண்டுச்சுன்னு அவசியம் சொல்லுங்க.