தோற்ற கட்சியின் கொடை

ஒரு தேசத்தின் அரசியல் திட்டத்தைப் பற்றிப் பேசுங்கால், அதை இயற்றியவர்களையே நாம் கொண்டாடுகிறோம். எதிர்த்து நின்றவர்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைப் படிப்போர், இது நன்றி மறந்த செயல் என்பதை ஒப்புக்கொள்வர்.

1787-ம் வருஷம் பிலடெல்பியா நகரில் கூடிய மகாநாடு, செப்டம்பர் 17-ந் தேதி 39 பிரதிநிதிகளின் கையொப்பத்துடன் புதிய திட்டத்தை வெளியிட்டது. பதின்மூன்று ராஜ்யங்களில் ஒன்பது ஏற்றுக்கொண்டால் அது அமலுக்கு வரும் என்பது ஏற்பாடு. உடனே நாடெங்கும் இரு கட்சிகள் கிளம்பின.

பழைய ஏற்பாட்டில் மத்திய சர்க்காருக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. யுத்தக் கடனைத் தீர்க்கவும் ராஜ்யங்களிடம் கையேந்தி நின்றது. ஆகவே வலிமையுள்ள சர்க்கார் வேண்டும் என்றனர் ஆதரித்தோர். ஹாமில்டன், மாடிஸன், ஜே ஆகிய மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர்.

வர்ஜீனியாவின் பாட்ரிக் ஹென்றியும் ஜார்ஜ் மேஸனும், பிரஜைகளின் உரிமைகளை உரைக்கும் பத்திரம் எங்கே என்று கேட்டனர். மகாநாட்டில் அமர்ந்திருந்த மேஸன் கையொப்பமிடவே மறுத்துவிட்டார். அளிக்கப்படாத அதிகாரத்துக்குத் தடை எதற்கு என்பது ஹாமில்டனின் விடை. சாமர்த்தியமான வாதந்தான், ஆயினும், எல்லை குறிக்காத கிரயப் பத்திரத்தை நம்பி நிலம் வாங்குவார் உண்டோ?

வாக்குக் கணக்கைப் பார்த்தால் நமக்குத் திகைப்பே உண்டாகிறது. 1788-ல் மாஸச்சூஸெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. வர்ஜீனியாவில் 89, 79. நியூயார்க்கில் 30, 27. நியூயார்க்கில் இருவர் பக்கம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். மாஸச்சூஸெட்ஸில் வழி திறந்தது எவ்வாறு? திட்டத்தை ஏற்போம், கூடவே திருத்தங்களையும் சிபாரிசு செய்வோம் என்ற சமரசத்தால்தான். பின்னர் வேறு சில ராஜ்யங்களும் அதையே பின்பற்றின.

தோற்ற ஹென்றி கலகம் செய்யவில்லை. அமைதியான பிரஜையாக இருந்து, சட்ட வழியிலேயே குறைகளைத் திருத்த முயல்வேன் என்றார். வென்ற மாடிஸனும் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. 1789-ல் புதிய சபையில் திருத்தங்களைக் கொணர்ந்தவர் அவரே. அவற்றுள் பத்து, 1791 டிசம்பர் 15-ந் தேதி முதல் சட்டமாயின. பேச்சுரிமை, மத சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் ஆகியவற்றுக்கு அந்நாட்டார் இன்றும் அவற்றையே சான்று காட்டுகின்றனர்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்நாளில் அங்கே அடிமைகளாயிருந்தோர் ஏறக்குறைய 7 லட்சம் பேர். உரிமைப் பத்திரம் அவர்கள் விலங்கைத் தொடவில்லை. அது முறிய 1865 வரை காத்திருக்க நேர்ந்தது. விவாத மண்டபத்தில் இடம் பெறாதவர்களின் வழக்கு எளிதில் மறக்கப்படுகிறது.

ஆதலின், சபைகளில் எதிர்த்துப் பேசுவோரைத் தேசத் துரோகிகள் என்று தூற்றுமுன் சற்றே பொறுத்தல் நலம். அவர்கள் கேட்கும் கேள்வி, நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே கேட்கப்பட்டதாக இருக்கலாம்.