வாய்க்குள் வளரும் பகை

வெற்றிலை நமக்கு மங்கலப் பொருள். அது இல்லாமல் நிச்சயதார்த்தம் இல்லை, திருமணம் இல்லை, விருந்தோம்பலும் இல்லை. கண்டிச் சிங்கள மக்கள் பெரியோரை வணங்கும்போது கைகளில் ஏந்திக் கொடுப்பதும் வெற்றிலைக் கட்டே. ஹந்தானை, கலஹா, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில், மலைக்குளிரில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கோ அது பசியையும் களைப்பையும் சற்றே மறக்கச் செய்யும் துணை. இத்துணை உறவு கொண்டாடிவரும் ஒரு பொருளைப் பற்றி விஞ்ஞானம் கூறும் செய்தி கசப்பானதுதான். எனினும் கேட்டே ஆகவேண்டும்.

குற்றவாளி வெற்றிலையன்று. அதனுடன் சேரும் பாக்கும் புகையிலையுமே குற்றவாளிகள். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. “நான் புகையிலை போடுவதில்லையே!” என்று ஆறுதல் கொண்டிருந்தோரின் நிம்மதியும் நீடிக்கவில்லை. பாக்குத் தனியாகவே அந்நோயை விளைவிக்க வல்லது என்ற முடிவு 2004இல் வெளியாயிற்று. பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமற் போகும் மற்றொரு நோயும் உண்டு. அந்நோய் பின்னர் புற்றாக மாறுவதுமுண்டு. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்றால், இது அயல்நாட்டார் கவலை அன்று என்பது விளங்கும்.

தமிழ் வழங்கும் பூமியில் இதனை முற்காலத்திலேயே ஆராய்ந்தோருள், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மிஷன் வைத்தியசாலையின் டாக்டர்களும் அடங்குவர். அங்கு பணியாற்றிய பென்டால் என்பார் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1908இல் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஓர் என்பவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

காரணம் ஒருவாறு தெரிந்தது, மருந்து எங்கே? நெடுங்காலம் கத்தி ஒன்றே கதியாக இருந்தது. 1898இல் கியூரி தம்பதிகள் இரேடியத்தைக் கண்டுபிடித்தபின், கதிர் துணைக்கு வந்தது. 1951இல் கனடா நாட்டில் கோபால்ட் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. ஆனால், இந்த நெடுந்தேட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த கதை பிளாட்டினத்தின் கதைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் விஞ்ஞானி, மின்புலத்தில் கிருமிகள் எவ்வாறு வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். புற்றுநோயை அவர் கனவிலும் கருதவில்லை. கிருமிகள் இரண்டாகப் பிரியாமல் நூல்போல் நீண்டுகொண்டே போயின. மின்சாரம் இதனைச் செய்யவில்லை. மின்கம்பியிலிருந்த பிளாட்டினம் நீரில் கரைந்து உண்டாக்கிய ஒரு சேர்க்கையே செய்தது. 1965இல் இதனை அவர் வெளியிட்டார். பிரிந்து பெருகுவதே தொழிலாகக் கொண்ட புற்று அணுக்களையும் இது தடுக்குமல்லவா என்ற வினா எழுந்தது. தடுத்தது! ‘சிஸ்பிளாட்டின்’ என்ற அம்மருந்து 1978இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முற்றிய வாய்ப் புற்றுநோய்க்குக் கதிருடன் சேர்த்து இன்றும் அதனைக் கொடுக்கிறார்கள். உடலின் சொந்தக் காவற்படையையே நோயின்மேல் ஏவும் புதிய முறைக்கு 2018இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது.

இத்தனையும் இருந்தும், புண் முற்றிக் கழுத்தில் கட்டி பரவியபின் வருபவரைக் காப்பது அரிது. கையளவு மருந்தைவிடக் கையிலுள்ள டார்ச் விளக்கு மேலானதாக இருக்குமோ? இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் நமது பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே. 1980களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய தோழர்களும், கிராமச் சுகாதார ஊழியர் 34 பேருக்குச் சிறிது காலம் பயிற்சியளித்து அனுப்பினர். ஏறத்தாழ ஓராண்டில் அவ்வூழியர்கள், வழக்கமான வேலைக்கிடையே, 28,000 பேருக்கு மேற்பட்டோரின் வாயைத் திறந்து பார்த்தனர். சந்தேகத்துக்குரிய அடையாளங்கள் கண்டு ஏறக்குறைய 1,200 பேரை மேற்பரிசோதனைக்குச் செல்லும்படி கூறினர். டாக்டர் பட்டம் பெறாத அவ்வூழியர்களின் கணிப்புப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகை இதனை 1984இல் வெளியிட்டது.

அந்த அறிக்கையில் நெஞ்சை உறுத்தும் எண் ஒன்றுண்டு. செல்லும்படி கூறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சென்றனர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட நான் ஒருப்படேன். நோவே இல்லாத ஒரு வெண்திட்டுக்காக நாட்கூலியைத் துறந்து, பஸ் கட்டணம் கொடுத்து, நகரத்தில் வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? ஊழியரைப் பயிற்றிய அளவுக்கு வழிச்செலவையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. பின்னாளில் திருவனந்தபுரத்தில் இதே முறையைப் பெரிய அளவில் சோதித்தனர். புகையிலை அல்லது மது பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005இல் அறிவித்தனர். டார்ச் விளக்கு வென்றது!

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தாம்பூலம் போடுபவராயின், பள்ளி மாணவரும் இதனைச் செய்யலாம். பகல் வெளிச்சத்தில் அவரை வாய் கொப்பளிக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, ஈறு ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெண்திட்டு, செந்திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வரவரச் சுருங்கும் வாய், உறைப்பான கறியைத் தாங்காத எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், நோவில்லையே என்று காத்திராமல் அருகிலுள்ள பல் வைத்தியரிடம் அவரை அழைத்துச் செல்க. கண்டிப் பகுதியினருக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் உண்டு. தாத்தா தனியே போகமாட்டார். கூட ஒருவர் போகவேண்டும்.