கனமில்லாத சுவர்

பெருநகரங்களில் எழும் அலுவலகக் கோபுரங்களில் பளுவைச் சுமப்பவை தூண்களும் உத்தரங்களும்தான். வெளிச்சுவரின் வேலை வெயிலையும் மழையையும் தெரு இரைச்சலையும் வெளியே நிறுத்துவது. அதற்கு ஏன் இத்தனை எடை? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பூச்சு நீங்கலாகவே, சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். இருபது மாடிக்கு இதை ஏற்றினால் தூண் பருக்கும், அஸ்திவாரம் ஆழமாகும். பூகம்பம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டடத்தை உலுக்கும் விசை அதன் எடைக்கேற்பக் கூடும். 2002ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் தில்லியை நான்காம் பூகம்ப மண்டலத்தில் வைத்தது. சென்னையை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தியது.

ஆகவேதான் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் வந்து, கிரேனில் ஏறும் லேசான கான்கிரீட் பலகைகளுக்கு மவுசு. முன்வார்ப்பு என்று நாங்கள் மொழிபெயர்க்கிறோம். மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள், ‘பேனலா சார்?’ என்பார்.

இவற்றில் ஒரு வகை, இட்லி மாவின் தம்பி. சிமென்ட், சுண்ணாம்பு, அனல் மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றைக் கரைத்து, சிறிது அலுமினியத் தூள் சேர்க்கிறார்கள். ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி மாவு பொங்குகிறது. சற்று இறுகியதும் மெல்லிய கம்பியால் அறுத்து, ராட்சத பிரஷர் குக்கரில் சுமார் 190 டிகிரி நீராவியில் பல மணி நேரம் வேக வைக்கிறார்கள். 1920களில் ஸ்வீடனில் பிறந்த பக்குவம் இது. எடை செங்கலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இன்னொன்று 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேலோடு. கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை. சாதாரணக் கண்ணாடியை சிமென்ட்டின் காரம் அரித்துவிடும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் குழுவினர் சிர்கோனியா கலந்த இழையை உருவாக்கிய பிறகே, 1970களில் இது பரவியது. ஆனால் ஈரத்தில் நீண்டு, காய்ந்தால் சுருங்கும் பண்டம். அசையவிடாமல் இறுக்கிப் பொருத்திய ஆரம்பகாலப் பலகைகள் வளைந்தன, விரிசல் விட்டன.

சங்கதி பலகையில் இல்லை, பொருத்துவதில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் 1972ல் முடிந்த டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடு 48 மாடி. அதன் முன்வார்ப்புப் பலகைகள் லேசானவை அல்ல; ஆனால் கட்டடம் ஆடினால் ஒன்றோடொன்று மோதாமலிருக்க இடைவெளி விட்டிருந்தார்கள். 1989 பூகம்பத்தில் உச்சி ஒரு அடிக்கு மேல் ஆடியும் கோபுரத்துக்குச் சேதமில்லை. 2001 ஜனவரி 26ல் குஜராத்தை உலுக்கிய பூகம்பத்திலோ, முன்வார்ப்புப் பலகைகளால் கட்டிய பள்ளிக்கூடங்கள் பல சரிந்தன. பலகைகளுக்கிடையே பிணைப்பு போதவில்லை. குடியரசு தினம்; வகுப்பு நடக்காத நாள்.

நமக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. தேசப் பிரிவினை அகதிகளுக்கு வீடு கட்ட, மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் யோசனையில் தில்லி ஜங்புராவில் அரசு ஒரு தொழிற்சாலை தொடங்கியது. லேசான கான்கிரீட் பலகைகள்தான். விரிசல் விட்டன, திட்டம் படுத்தது. 1951ல் அவர் இந்தியாவை விட்டே போனார். தொழிற்சாலை மட்டும் பிழைத்து, 1978ல் ஹிந்துஸ்தான் பிரீஃபேப் என்று பெயர் மாறியது.

இன்றைய விளம்பரங்கள் எடையையும் வேகத்தையும் பற்றித்தான் பேசுகின்றன. பலகையைப் பிடித்திருக்கும் கொக்கி துருப்பிடிக்காத எஃகா, வெறும் இரும்பா என்பது டெண்டரில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. மும்பை, சென்னை உப்புக் காற்றில் அதுதான் முதல் கேள்வி. பத்தாவது மாடிப் பலகைக்குக் கீழே நடைபாதையில் டீக்கடை இருக்கிறது. இடுக்குகளை அடைக்கும் ரப்பர் பசை பொதுவாக 10 முதல் 20 ஆண்டு தாங்கும். கட்டடமோ அதைப்போல் மூன்று மடங்கு காலம் நிற்க வேண்டும். மாற்றும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதும் உரிமையாளர் அபூர்வம். கொக்கியின் கதியைப் பார்க்கவும் வழியில்லை. அலுவலகத்தின் உட்புறத்தை ஜிப்சம் பலகையால் அழகாக மூடிவிடுகிறார்கள். மாடிக்கு இரண்டு இடத்தில் திறந்து பார்க்கச் சின்னக் கதவு வைத்தால் போதும். ஒரு கைச்சாவி, ஒரு டார்ச் விளக்கு, அரை நாள் வேலை.